தாலித் தங்கமும் கல்லூரிக்கு ஆயிரமும்

திருமணம் குறித்த இளைஞர்களின் எண்ணங்களைத் தனிமனித விருப்பமென்று கொள்வது எளிது. ஆனால் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், குடும்ப வருவாயும், படிப்பு நிற்கும் வயதும், பிறந்தது ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே அவ்விருப்பத்துக்கு எல்லை வகுக்கின்றன.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் தொடங்கப்பட்ட திருமண உதவித் திட்டம், ஏழைப் பெண்ணின் கல்யாணச் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்க, அவளது பள்ளிப் படிப்பை நிபந்தனையாக வைத்தது. 2011-இல் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 25,000 ரூபாயும், இருவருக்கும் தாலிக்கென 4 கிராம் தங்கமும் என அது விரிந்து, 2016-இல் தங்கம் 8 கிராமாயிற்று. பெண்ணைப் படிக்கத் தூண்டிய அத்திட்டமே, அவளைக் கட்டிக்கொடுப்பதுதான் பெற்றோரின் முதற்கடமை என்ற எண்ணத்துக்கும் வலுவூட்டியது. மகனுக்கு அப்படியொரு உதவி வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. 2022-இல் அது ‘புதுமைப் பெண்’ என உருமாறி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கலாயிற்று. தொகை சிறிதுதான்; எனினும் வரன் வந்திருக்கிறது என்று வீட்டார் சொல்லும்போது, படிப்பு முடியட்டும் என்று மறுக்க அது ஒரு பிடிமானம்.

வர்க்க உயர்வு பெண்ணுக்கு எப்போதும் நன்மை தருவதில்லை. திருச்சி வட்டாரச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து 1995-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் கரின் கபாடியா, மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குத் தரும் பரிசமும், அத்தை மகன், தாய்மாமன் என்ற முறைமணமும், ஆண்கள் படித்துச் சம்பள வேலைக்குச் சென்ற குடும்பங்களில் தேய்ந்து, அந்நியச் சம்பந்தமும் வரதட்சணையும் பெருகியதைக் காட்டினார். ஆயினும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத் திருமணங்களில் ஏறத்தாழ 28 சதவீதம் இன்னும் உறவுக்குள்ளேயே நடக்கின்றன.

பெண்ணின் சட்டபூர்வத் திருமண வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்த 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அது நிறைவேறியிருந்தாலும், 21 வயதில் எப்படியும் கல்லூரியில் இருக்கும் நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு மாற்றம் சொற்பமே. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவளோ, இடைப்பட்ட ஆண்டுகளை வீட்டிலோ ஆலையிலோ கழித்திருப்பாள்.