அரிப்புக்குக் களிம்பு வாங்கும் முன்

குரங்கணி, கொட்டகுடி, போடி பக்கத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோல் தொல்லை புதிதல்ல. ஜீப்பில் நெருக்கியடித்துப் பயணம், நாள் முழுக்க ஈரம், அட்டைக்கடி, மருந்தடித்த செடிகளுக்குள் கை. அரிப்பு வந்தால் மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசுவதே வழக்கம். வந்தது சிரங்கா, படர்தாமரையா, பூச்சிமருந்து ஒவ்வாமையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்தறிய உதவுகிறது கையடக்க டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்.

சிரங்கில் என்ன தெரியும்?

பேனா அளவுள்ள இந்தக் கருவியைத் தோலில் வைத்தால், போன் அல்லது கணினித் திரையில் பல மடங்கு பெரிதாகத் தெரியும். சிரங்கை உண்டாக்கும் பெண் உண்ணி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். விரலிடுக்கில் அது துளைத்த பாதை வெண்கோடாகவும், கோட்டின் நுனியில் உண்ணியின் தலைப்பகுதி பழுப்பு முக்கோணமாகவும் தெரியும். புகை விட்டுப் பறக்கும் ஜெட் விமானம் போல என்பார்கள் தோல் மருத்துவர்கள். பரிசோதனைக்காகத் தோலைச் சுரண்டி எடுக்கும் வேலை பல நேரம் மிச்சம்.

முதன்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவியிருக்கும். எனவே அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பெர்மெத்ரின் களிம்பை இரவில் கழுத்து முதல் பாதம் வரை பூசி, காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடி பூசச் சொல்வது வழக்கம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும்.

படர்தாமரையும் ஸ்டீராய்டும்

படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சையை வளரவிடும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. இந்தக் களிம்புகளால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரிவதை மைக்ரோஸ்கோப் காட்டிக்கொடுக்கும். படர்தாமரை உள்ள இடத்தில் பூனைமுடி வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் பூஞ்சை மயிர்க்கால் வரை போயிருக்கிறது, மாத்திரையும் தேவைப்படும்.

கருவியை மட்டும் நம்பலாமா?

கூடாது. உணர்ச்சியற்ற வெளிர்தேமல் தொழுநோயாக இருக்கலாம். அதற்குத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டும். உள்ளங்காலில் பெரிதாகிவரும் கரும்புள்ளியை வீட்டிலேயே படம் பிடித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மலிவான கருவிகளில் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க அளவும் நம்பத்தக்கதல்ல. ஒருவருக்குப் பார்த்தபின் நுனியை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால், பரிசோதனையே தொற்றைப் பரப்பிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது

போடி அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். அன்று எண்ணெயோ களிம்போ பூசாதீர்கள். செதிலும் கோடும் மறைந்துவிடும். இதுவரை பூசிய டியூப்பையும், தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் பெயரையும் கொண்டுபோங்கள். வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு என்பதையும் சொல்லுங்கள்.