பேசாத தந்தை, பேசக் கூடாத நண்பன்

நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதி. அங்கே இரண்டு பையன்கள். இருவருக்கும் வயது 15. இருவரும் யூதர்கள். ஐந்து தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் ஒருவரை ஒருவர் அறியார்.

டானி, ஹசிடிக் பிரிவு மதகுருவின் மூத்த மகன். காதோரம் சுருள்முடி விட்டு, பழைய ஆசாரம் துளியும் தவறாமல் வாழும் கூட்டம் அது. ரூவன், ஓர் ஆசிரியரின் மகன். அந்த வீட்டிலும் பக்தி உண்டு. ஆனால் எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம்.

1944 ஜூன் மாதம் இரு பள்ளிகளுக்கும் பந்தாட்டப் போட்டி. டானி குறி பார்த்து அடித்த பந்து ரூவனின் மூக்குக் கண்ணாடியை உடைக்கிறது. சில்லு கண்ணுக்குள் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கேட்க வந்தவனை ரூவன் விரட்டுகிறான். மறுநாளும் டானி வருகிறான். நட்பு அங்கே பிறக்கிறது.

ஹாயிம் போட்டோக் எழுதி 1967-ல் வெளிவந்த 'தி சோஸன்' என்ற ஆங்கில நாவலின் தொடக்கம் இது. போட்டோக் தாமே யூத மதகுருவாகப் பட்டம் பெற்றவர்; கொரியாவில் அமெரிக்க ராணுவத்தில் மதகுருவாகப் பணி புரிந்தவர்.

குருவின் மௌனம்

டானியின் தந்தை வேத பாடம் சொல்லும் நேரம் தவிர மகனிடம் பேசுவதே இல்லை. ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்யும்போது வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார். சபை முழுவதும் பார்த்திருக்க, மகன் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்தால் மறுபடி மௌனம். அப்பாவிடம் "சாப்பிட்டீர்களா, பணம் வந்ததா" என்பதற்கு மேல் பேசிப் பழகாத வாசகர்களுக்கு இந்தப் பக்கங்கள் நெஞ்சில் தைக்கும்.

டானி பொது நூலகத்தில் ஒளிந்து படிக்கிறான். நல்ல புத்தகமாக எடுத்துக் கொடுக்கும் பெரியவர் யார்? ரூவனின் தந்தை! அது இரு பையன்களுக்கும் பின்னால்தான் தெரிகிறது.

போர் முடிகிறது. ஹிட்லரின் ஆட்கள் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற செய்தி வருகிறது. ஆண்டவன் சித்தம் என்று அழுகிறார் குரு. இனி ஆண்டவனுக்காகக் காத்திருக்க முடியாது, யூதர்களுக்கு நாடு வேண்டும் என்று மேடை ஏறுகிறார் ஆசிரியர். மீட்பர் வருமுன் நாடு அமைப்பது பாவம் என்பது குருவின் கட்சி. விளைவு? அந்த ஆசிரியரின் மகனுடன் பேசவே கூடாது என்று டானிக்குக் கட்டளை.

இருவரும் ஒரே கல்லூரி. தினமும் எதிரெதிரே வருகிறார்கள். கண் பேசும், வாய் பேசாது. டானி கட்டளையை மீறவில்லை. நண்பனை மறக்கவும் இல்லை.

இவ்வளவுக்கும் குருவைக் கொடியவராகக் காட்டவில்லை ஆசிரியர் போட்டோக். அதுதான் இந்த நாவலின் உயர்வு. வேத விவாதப் பக்கங்கள் சில இடங்களில் சலிப்புத் தட்டும். தாண்டிப் போனாலும் கதை அறுந்துவிடாது. ஆங்கிலம் எளிது. பள்ளிப் படிப்பும் பக்கத்தில் ஓர் அகராதியும் போதும்.

மௌனத்துக்குக் காரணத்தைக் குரு கடைசி அத்தியாயத்தில் சொல்கிறார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. ரூவனைப் பார்த்துச் சொல்கிறார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.