கிட்டப்பார்வைக்குப் புதிய சிகிச்சைகள்

குடியாத்தத்தில் கைலி நெய்யும் வீடுகளில், அறுந்த இழையைக் கண்டு முடிபோடும் கண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. கிட்டப்பார்வையுள்ள சிறுவனும் இழையை நன்றாகவே காண்பான்; பள்ளிக் கரும்பலகைதான் அவனுக்குத் தெரியாது. ஆகவே, வீட்டில் எவரும் அறியாமலே குறை வளர்கின்றது. 'படிப்பு ஏறவில்லை' என்ற பெயர் மட்டும் பையனுக்கு வந்து சேர்கின்றது.

இக்குறைக்குக் காரணம் யாது? விழி அளவுக்கு மீறி நீண்டு வளர்வதேயாம். வளர்ந்தவரின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலே கண்ணாடியின் 'பவர்' இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். சாதாரணக் கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், வளர்ச்சியை நிறுத்தாது. பெரியவர்களுக்குச் செய்யும் லேசர் சிகிச்சையும் அத்தகையதே. மிகவும் நீண்ட விழியில் விழித்திரை மெலிந்து, பிற்காலத்தில் கிழிந்து கழன்றுவிடவும் கூடும். தறியை நம்பிய குடும்பத்திற்கு அது பேரிடி.

எனவே, விழியின் வளர்ச்சியையே மட்டுப்படுத்த வழி தேடுகின்றனர். முதலாவது, அட்ரோபின் சொட்டு மருந்து. ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுவரையுள்ள 438 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் அச்சாயிற்று. 0.05 சதவீத மருந்திட்ட குழந்தைகளுக்கு ஓராண்டில் ஏறிய பவர், மருந்தில்லாத சொட்டு இட்டவர்களுக்கு ஏறியதில் மூன்றிலொரு பங்கே. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 0.01 சதவீதத்திலும் பயன் கண்டனர். 2023இல் வெளியான அமெரிக்கச் சோதனையிலோ அவ்வளவு பயன் தரவில்லை. அளவு பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஒன்று கூறவேண்டும்: ஊமத்தையிலும் இவ்வினத்து நஞ்சே உள்ளது. கைவைத்தியமாக அதன் சாற்றைக் கண்ணில் விடுவது பேராபத்து.

இரண்டாவது, ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான கண்ணாடி. நடுவில் சாதாரண வில்லையும், சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்வில்லைகளும் அமைந்தது. ஈராண்டில் பவர் ஏறுவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. விலைதான் நம்மவர் கைக்கு எட்டுவதாயில்லை. சீனத்தில் பரவிய செவ்வொளிச் சிகிச்சையைப் பற்றி நாம் உற்சாகம் கொள்வதற்கில்லை. அதனால் ஒரு சிறுமியின் விழித்திரை சேதமுற்றது 2023இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. விழியின் வெண்படலத்தை உறுதியாக்கும் முறை பெரும்பாலும் விலங்குகளிடத்திலேயே சோதிக்கப்பட்டு வருகின்றது.

செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. சீனத்துக் குவாங்சௌ பள்ளிகளில் சிறுவர்களை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டனர். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டவர், மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5, இப்பள்ளிகளில் 30.4. இதன் முடிவு 2015இல் வெளிவந்தது. வெளியிலுள்ள பிரகாசமே விழியின் வளர்ச்சியை அடக்குகின்றதென்று கருதுகின்றனர். தார் சுற்றப் பிள்ளையை உட்காரவைக்கும் பெற்றோர் இதனைக் கவனிக்க.

இவையாவும் வளரும் பிராயத்துக்கே உரியவை. நீண்டுவிட்ட விழியை எந்த மருந்தும் குறுக்காது. பள்ளியில் தேசியத் திட்டத்தின்கீழ் கண் சோதிக்க வரும் நாளில் பிள்ளையை வேலைக்கு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குறையுள்ள மாணவர்க்குக் கண்ணாடி அங்கு இலவசம். பவர் ஆண்டுதோறும் ஏறுமாயின், வேலூர் சென்று கண் மருத்துவரிடம் சொட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க. ஏறிய வேகத்தை அவற்றைக் கொண்டே மருத்துவர் கணக்கிடுவார்.