நாலு நாடு, ரெண்டு ஆறு, ஒரு தீவு!

ராத்திரி ரூமை விட்டுத் தனியா வெளியே வரக்கூடாது. டார்ச்சோட ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போவார். ஏன்னா வேலியே கிடையாது. புல் மேய வந்த நீர்யானை வழியை மறிச்சு நிக்கலாம்! இப்படி ஒரு ரூல் உங்க ஹாஸ்டல்ல இருந்தா, செகண்ட் ஷோவுக்கு யாராவது சுவர் ஏறிக் குதிப்பீங்களா?

இது சஃபாரி லாட்ஜ். லாட்ஜ்னதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கட்டடத்தை நினைச்சுடாதீங்க. மர நிழல்ல விரல் விட்டு எண்ணக்கூடிய அறைகள். பால்கனிக்குக் கீழே ஆறு!

மேப்பை எடுங்க. நமீபியாவின் வடகிழக்கு மூலையில், கொம்பு மாதிரி நீளும் நிலத்தின் நுனியில் இருக்கு இம்பலிலா தீவு. வடக்கே ஜாம்பேசி, தெற்கே சோபே. போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மூணும் பக்கத்து வீடு. போட்ஸ்வானாவின் கசானே ஊர்ல பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஸ்டாம்ப், படகு ஏறித் தீவுல இறங்கினதும் இன்னொண்ணு!

விடியற்காலை படகுல போனா, தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கிக்கிட்டு யானைக் கூட்டம் ஆத்தை நீந்திக் கடக்கும். அதுங்களுக்கு ஏது ஸ்டாம்ப்? ஆனா, மனுஷங்க விடலை. சோபேயில் இருக்கிற செடுடு தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் ஹேக் நகர் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தை வச்சு, 1999 டிசம்பர்ல தீவு போட்ஸ்வானாவுக்குன்னு தீர்ப்பு. வருஷத்துல சில மாசம் வெள்ளத்துல மூழ்கிடற, சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு இவ்வளவு அக்கப்போர்!

சரி, வாடகை? இந்த ரக லாட்ஜ்களில் தலைக்கு ஒரு ராத்திரிக்கே நூற்றுக்கணக்கான டாலர். அறைகள் குறைவு. காய்கறியிலிருந்து டீசல் வரை எல்லாம் படகுலதான் வரணும். அதான் இந்த விலை.

ஆனா, 'ஆளே இல்லாத சொர்க்கம்'னு யாராவது விளம்பரம் பண்ணினா நம்பாதீங்க. இம்பலிலாவில் கிராமங்கள் இருக்கு. நாம ஜூம் பண்ணி போட்டோ எடுக்கிற அதே யானைதான் அவங்க சோளக்காட்டை ஒரே ராத்திரியில் காலி பண்ணும். நமக்கு அது ஆல்பம். அவங்களுக்கு அது அடுத்த மாசச் சாப்பாடு.

இதுக்காகவே நமீபியா 1996-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஊர் மக்கள் ஒண்ணுசேர்ந்து 'கன்சர்வன்சி' அமைச்சுப் பதிவு பண்ணினா, வன விலங்கு, சுற்றுலா வருமானத்துல அவங்களுக்கும் உரிமை உண்டு. இம்பலிலாவிலும் அப்படி ஒண்ணு இருக்கு. லாட்ஜ் பணத்துல ஊருக்கும் பங்கு வந்தா, யானையைச் சகிச்சுக்க ஒரு காரணம் கிடைக்கும். வரலைன்னா, பயிரை இழந்தவர் எதுக்காக யானையைக் காப்பாத்தணும்?

கடன் வாங்கி இப்பவே கிளம்பச் சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். வேலைக்குப் போய், சம்பாதிச்சு, என்னிக்காவது எந்தக் காட்டுக்கு டிக்கெட் போட்டாலும் சரி... 'ஸ்விம்மிங் பூல் இருக்கா?'ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, 'இந்தக் காசுல ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு?'ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா, வேற லாட்ஜ் பார்த்துக்கலாம்!