தகரப் பெட்டிக்குள் ஒரு பரம்பரை: எஹலியகொடத் தோட்டங்களில் ஆவணம் தேடும் வேலை

ஆவணக் காப்பாளர் என்றால் குளிரூட்டிய அறையும் வெள்ளைக் கையுறையும்தான் பலருக்கு நினைவு வரும். எஹலியகொடவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கி ஏழு மாதமாகிறது. என்னிடம் இருப்பவை ஒரு கையடக்கத் தொலைபேசி, ஒரு மடிக்கணினி, இரண்டு வன்தட்டுகள், ஒரு கொப்பி. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "பழைய கடதாசி பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். அது அவர்களுக்கும் விளங்குகிறது.

மலையகம் என்றால் நுவரெலியாவையே எழுதிப் பழகிவிட்டோம். சபரகமுவவின் தோட்டங்கள், குறிப்பாக இறப்பர் தோட்டங்கள், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கின்றன. இங்குள்ள லயங்களில் கடதாசி என்பது வெறும் ஞாபகப் பொருள் அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அதை எதைக் கொண்டு காட்டுவார்? செக்ரோலில் இருக்கும் பெயர், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கங்காணியின் கணக்குக் கொப்பி. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோதும் கடதாசிதான் பேசியது. எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

பிறகு 1977, 1981, 1983. அந்த வன்முறைகளுக்குத் தப்பி இந்தப் பக்கத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் 2009 வரை எத்தனை முறை இடம் மாறின என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் பாதிக் கடதாசி இங்கே, பாதி வன்னி மண்ணுக்குள்.

இந்த வேலையில் என்னை முதலில் திணறவைத்தது பெயர்தான். ஒரே மனிதர் ஒரு தாளில் முத்துச்சாமி, இன்னொன்றில் முத்துசாமி, சிங்களத்தில் எழுதிய பத்திரத்தில் முதுசாமி. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. தாளில் உள்ளபடியே பதிந்து, எல்லா வடிவங்களையும் இணைக்கும் ஒரு பொதுப் பெயரைத் தனி நிரலில் வைக்கிறேன். தோட்டத்தின் பெயரும் அப்படியே. கம்பனிக் கோவையில் இருப்பது ஆங்கிலப் பெயர், சனங்கள் வாயில் இருப்பது வேறொரு தமிழ்ப் பெயர். கிளிநொச்சியிலிருந்து ஒருவர் தன் தகப்பனின் பிறப்புப் பதிவைத் தேடி அழைத்தபோது, அவருக்குத் தெரிந்தது அந்தத் தமிழ்ப் பெயர் மட்டும். தோட்டத்துப் பிறப்புகளைத் துரையின் அலுவலகமே பதிவாளருக்கு அறிவித்து வந்ததால், பதிவில் ஆங்கிலப் பெயரே இருக்கும். ஒரு பழைய கோயில் திருவிழா நோட்டீசில் இரண்டு பெயரும் அருகருகே அச்சாகியிருந்தன. அதை வைத்து அவர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார். யாரும் காப்பாற்ற நினைக்காத ஒரு நோட்டீஸ் அது.

அடுத்த கேள்வி, மூலத்தை வாங்கிக்கொள்வதா? நான் வாங்குவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை நமக்கு வேறு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், படம் மூன்று இடத்தில் இருக்கட்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எண்ணிம வழியைத் தேர்ந்ததால்தான் இன்று எங்கிருந்தும் ஈழத்து நூல்களைத் திறந்து பார்க்க முடிகிறது.

ஆனால் படமெடுத்த எல்லாவற்றையும் இணையத்தில் போட முடியாது. கணக்குக் கொப்பியில் சாதி இருக்கும், கடன் இருக்கும். வடக்கே போன பிள்ளை அனுப்பிய புகைப்படம் இருக்கும். ஒரு பாட்டி அப்படியொரு படத்தைக் காட்டிவிட்டு, "இத எடுங்க தம்பி, ஆனா யாருக்கும் காட்டாதீங்க" என்றார். இரண்டுக்கும் இடம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்றில் ஒன்றைக் குறிக்கிறேன்: எல்லோருக்கும், குடும்பத்துக்கு மட்டும், இப்போதைக்கு மூடியது. முடிவு பெட்டிக்காரருடையது. பிறகு அவர் மனம் மாறினால் குறிப்பும் மாறும்.

தோட்ட அலுவலகப் பேரேடுகள் வேறு விதமான சிக்கல். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இப்படிக் கைமாறும்போது பழைய செக்ரோல் யாருடைய பொறுப்பு என்று கேட்பவர் குறைவு. நான் எழுத்தில் அனுமதி கேட்டுத்தான் அலுமாரியைத் திறக்கிறேன். இரண்டு முறை மறுத்துவிட்டார்கள்.

மழை ஓயாத இந்தப் பக்கத்தில் பெரிய எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். உங்களிடமும் இப்படியொரு பெட்டி இருந்தால், லெமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி செய்துவிடும். செலோடேப்பும் வேண்டாம். நனைந்த தாளை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். துருப்பிடித்த ஊசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். புகைப்படத்தின் பின்பக்கம் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் "அக்கா கலியாணத்துக்கு முந்தி" என்றாவது எழுதுங்கள், அதிலிருந்து கணக்குப் பிடிக்கலாம்.

மேல் லயத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழை விட்டால் சனிக்கிழமை போவேன்.