பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலியா? உஷார்!

மூளையில் ரத்தம் உறையலாம். ஒளிந்திருக்கும் காரணம் என்ன?

குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. தாய்க்குத் தலைவலி. மண்டையைப் பிளக்கிறது.

“பச்சை உடம்புடீ! சீதளம் பிடிச்சிருக்கு. பத்து போட்டா சரியாயிடும்” என்கிறார் பாட்டி.

மறுநாள் வாந்தி. அதற்கு அடுத்த நாள் வலிப்பு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து விடுகின்றன. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்!

இது சீதளம் அல்ல. மூளையில் இருந்து அசுத்த ரத்தத்தை வெளியேற்றும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்கிறது. சாக்கடை அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குமே, அதுபோல மூளை வீங்குகிறது. சில சமயம் உள்ளேயே ரத்தம் கசியும்.

தண்ணீருக்குத் தடை

பிள்ளை பெற்ற சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

“தண்ணி குடிக்காதே, வயிறு போட்டுடும்” என்று தாயின் வாயைக் கட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும். ஆபத்தும் கூடும்.

இன்னொரு ‘திருடன்’

“பிரசவத்தால் வந்தது” என்று அதோடு விட்டுவிடக் கூடாது. பின்னால் இன்னொரு திருடன் ஒளிந்திருக்கலாம்!

இந்த நோய் கண்ட 624 பேரைப் பற்றிய பல நாட்டு ஆய்வு 2004-ல் வெளியானது. அவர்களில் 100-க்கு 44 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன. 100-க்கு 34 பேருக்கு ரத்தத்துக்கே எளிதில் உறையும் குணம் இருந்தது. கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தசோகை, காதில் சீழ் ஆகியவையும் காரணம் ஆகலாம்.

தேடிப் பிடிப்பது ஏன்? அடுத்த பிரசவத்தில் மறுபடி வராமல் ஊசி போட்டுத் தடுக்கலாம். ஆகாத மாத்திரையை ஒதுக்கலாம்.

குணமாகுமா?

சாதாரண ஸ்கேனில் இந்த அடைப்பு தெரியாமல் போவதும் உண்டு. அசுத்த ரத்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர். ஸ்கேனில் பிடிபடும். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ‘ஹெப்பாரின்’ ஊசி போடுவார்கள். அந்த 624 பேரில் 100-க்கு 79 பேர் நன்றாகத் தேறினார்கள். 100-க்கு 8 பேர் இறந்து போனார்கள்.

பாட்டி பத்து போடட்டும். தண்ணீரை மட்டும் தடுக்க வேண்டாம். தலைவலி விடவில்லையா? வாந்தி, கண் மங்கல், வலிப்பு வந்ததா? உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். “பிள்ளை பெற்று இத்தனை நாள் ஆச்சு” என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்!