சவாரி தவறுவது ஏன்?
செல்போனுக்குள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத லைன்

ஒயிட்பீல்டு ஹோப்பார்ம் சந்திப்பில் ஆட்டோ நிற்கிறது. செல்போனில் சிக்னல் முழுசாக இருக்கிறது. ஆனாலும் அரை மணி நேரமாகச் சவாரி இல்லை. பக்கத்து வண்டிக்கு அதற்குள் இரண்டு வந்துவிட்டன. "கம்பெனிக்காரன் ஓரவஞ்சனை செய்கிறான்" என்று டிரைவர் பொருமுகிறார்.

பல நேரங்களில் காரணம் வேறு. இணைப்பு எப்போதோ செத்திருக்கும். அது போனுக்கே தெரிந்திருக்காது!

விசாரணை கவுண்ட்டர்

சாதாரணமாக ஒரு செயலி, ரெயில் நிலைய விசாரணை கவுண்ட்டருக்கு வரும் பயணியைப் போன்றது. கேட்கும், பதில் வாங்கும், போய்விடும். மறுபடி அறிய மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சவாரிக்கும் அரட்டைக்கும் இது சரிப்படாது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு இடையே உள்ள போன் போல, லைன் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அதுதான் 'சாக்கெட்'. இதில் பரவலாகப் பயன்படும் 'வெப்சாக்கெட்' விதிமுறை 2011 டிசம்பரில் வெளியானது.

திறப்பது சுலபம். காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கடையின் வைஃபையை விட்டுத் தெருவுக்கு வந்தாலே போனின் இணைய முகவரி மாறிவிடும். பழைய லைன் வீண். பேச்சில்லாமல் கிடக்கும் லைனை டெலிபோன் கம்பெனியின் நடு எந்திரங்களும் சில நிமிடங்களில் மறந்துவிடுகின்றன.

ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பக்கம் 'பிங்' என்று தட்டும். மறுபக்கம் 'பாங்' என்று பதில் தர வேண்டும். பதில் இல்லையென்றால் லைன் போயிற்று என்று பொருள். அடிக்கடி தட்டினால் பேட்டரி தீரும், அரிதாகத் தட்டினால் சவாரி தவறும். என்ஜினீயரின் கெட்டிக்காரத்தனம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரே நேரத்தில் முட்டினால்?

சர்வர் ஒரு நிமிடம் படுத்து எழுந்தால், லட்சம் போன்களும் ஒரே நொடியில் கதவைத் தட்டும். சர்வர் மறுபடி படுத்துவிடும். அதனால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியைக் கூட்டி, போனுக்குப் போன் கொஞ்சம் முன்பின்னாகத் தட்ட வைக்கிறார்கள். திரும்ப வந்ததும் "41-ம் செய்தி வரை வந்தது, மீதியைக் கொடு" என்று கேட்க வேண்டும். இதை விட்டுவிடும் செயலிகளில்தான் நடுவில் வந்த செய்திகள் காணாமல் போகின்றன.

நன்றாகச் செய்தால் எவ்வளவு தாங்கும்? ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸ்அப் 2012 ஜனவரியில் அறிவித்தது. அதற்குக் கைகொடுத்த 'எர்லாங்' மொழி, சுவீடனின் எரிக்சன் கம்பெனி 1980-களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கியது. பழைய டெலிபோன்காரர்களின் மூளை இன்றும் வேலை செய்கிறது!

டிரைவர்கள் கவனிக்க

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா கிடக்கும் போனில் செயலிகளின் இணைப்பை நிறுத்தி வைக்கும் வழக்கம் வந்தது. இதைச் சமாளிக்கத்தான் டிரைவர் செயலிகள் திரையின் மேலே ஒரு அறிவிப்பை நிறுத்தி வைக்கின்றன. தொந்தரவு என்று அதை முடக்குவோர் உண்டு. முடக்காதிருப்பதே நல்லது.

செட்டிங்சில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம். சில கம்பெனி போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பூட்டும் இருக்கும். அதையும் திறந்துவிட வேண்டும்.